குல்லாவுக்குள் ஒளித்த தலைவலி

பணி ஓய்வு விழாவில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நாலு பேருக்கு மேல் கூடி நின்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். மாலையை வாங்கிக்கொண்டு, ஒரு கும்பிடு போட்டு, மேடையை விட்டு இறங்கிவிட்டேன். அப்படித் தப்பித்ததற்குத் தண்டனையாக, ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தந்தே ஆக வேண்டும் என்று நர்சுப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழை இருந்தால் ஆபீஸ் கிளார்க் திருத்திக்கொள்வார்.

எதை எழுதுவது என்று யோசித்தபோது, விழா நடந்த அன்று பார்த்த ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. புதிதாகச் சேர்ந்த நர்சு ஒருத்தி, சின்னப் பெண், வார்டு நடுவில் நின்று, தனக்கு மைக்ரேன் வந்துவிட்டது, கொஞ்ச நேரம் படுத்து எழுந்து வருகிறேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஒருவரும் திட்டவில்லை. பக்கத்தில் இருந்தவள் அவள் கையில் இருந்த ட்ரேயை வாங்கிக்கொண்டாள். எனக்குத்தான் பதறியது. யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். ஏனென்றால், நாங்கள் வேலை பார்த்த காலத்தில் இந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒருவருக்கும் தலைவலி வராது. வந்தாலும் வராது.

நான் கீழக்குயில்குடிக்காரன். இந்த ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வரவில்லை, இதைக் கட்ட வந்தேன். கொத்தனாருக்குக் கையாளாகச் செங்கல் சுமந்தேன். கட்டடம் முடிந்ததும் கூட்டிப் பெருக்க ஓர் ஆள் வேண்டும் என்றார் பெரிய டாக்டர். கொத்தனார் என்னைக் கைகாட்டிவிட்டுப் போய்விட்டார். விளக்குமாற்றிலிருந்து பெட்பான், பெட்பானிலிருந்து ஸ்ட்ரெச்சர், ஸ்ட்ரெச்சரிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் என்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருந்தேன். எழுபதுகளின் நடுவில் தியேட்டர் உதவியாளன் ஆகிவிட்டேன். அதற்கு மேல் உள்ளே போக இடமில்லை. அதற்கு அப்புறம் நோயாளியின் வயிறுதான்.

தியேட்டரில் என் வேலை இதுதான். காலையில் தரையை லைசால் ஊற்றிக் கழுவ வேண்டும். துணிகளை டிரம்மில் அடுக்கி நீராவிப் பெட்டியில் வேக வைக்க வேண்டும். ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டி வந்து மாட்ட வேண்டும். நோயாளியைத் தூக்கிப் படுக்க வைக்க வேண்டும். டாக்டர் கை கழுவும்போது குழாயில் தண்ணீர் இல்லை என்றால், காய்ச்சி ஆறிய தண்ணீரை ஜக்கில் எடுத்து ஊற்ற வேண்டும். மற்ற நேரத்தில் சுவரோடு சுவராக நிற்க வேண்டும். இந்தக் கடைசி வேலை என் சுபாவத்துக்கு மிகவும் பொருந்தியது.

பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயிற்று ஆபரேஷனில் பேர் போனவர். தியேட்டருக்குள் மரக்கட்டைச் செருப்பு போட்டு நடப்பார். டக் டக் என்று சத்தம் வந்தால் பேச்சு நின்றுவிடும். அவர் கோபத்திலும் கத்த மாட்டார். மூக்குக் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பயந்து ஒருமுறை கம்பவுண்டர் தன் பேரையே மாற்றிச் சொல்லிவிட்டார். பெரிய டாக்டருக்கு ஒரு சட்டம் இருந்தது. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவன் தனக்கு நோவு என்று நோயாளி காதில் விழச் சொல்லக் கூடாது. "வைத்தியனே தலையப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தா வந்தவன் எந்திரிச்சுப் போயிருவான்" என்பார். அதனால் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு எதுவானாலும் வீட்டிலேயே இருந்து முடித்துக்கொண்டு வருவோம். ஆனால் ஒற்றைத் தலைவலி அப்படி இல்லை. அது வேலை நேரம் பார்த்துத்தான் வரும்.

எனக்கு அது வாலிப வயதிலேயே வந்துவிட்டது. முதலில் கண்ணில் ஒரு பக்கம் பளபளவென்று ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு ஓடும். எதிரே நிற்கிறவரின் முகத்தில் பாதி இருக்காது. கொஞ்ச நேரத்தில் அது சரியாகிவிடும். நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் தலையில் ஒரு பக்கம் உலக்கை விழ ஆரம்பிக்கும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, லைசால் வாடை அறவே ஆகாது. லைசால் வாடை இல்லாத ஆபரேஷன் தியேட்டரை யார் கண்டார்கள்?

இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். கிரேப் பேண்டேஜை நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டி, அதன்மேல் தியேட்டர் குல்லாவை இழுத்து மாட்டிக்கொள்வேன். வெளியே ஒன்றும் தெரியாது. இன்னும் தாங்காவிட்டால் ஆக்ஸிஜன் சிலிண்டரின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நிற்பேன். கனத்த இரும்பு, அவ்வளவு குளிர்ச்சி. ஒரு நாள் பெரிய டாக்டர் அதைப் பார்த்துவிட்டார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவரோ மற்றவர்களைக் கூப்பிட்டு, கேஸ் கசிகிறதா என்று இவன் எப்படிக் காது வைத்துக் கேட்கிறான் பாருங்கள், இப்படி அல்லவா பொறுப்பு இருக்க வேண்டும் என்று பாராட்டினார். அதன் பிறகு தலைவலி இல்லாத நாளிலும் ஒரு மரியாதைக்காகச் சிலிண்டரில் சாய வேண்டியதாகிவிட்டது.

இது எனக்கு மட்டும் இருக்கிற சாபம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். ஆயா காளியம்மாள் சில நாள் இரண்டு நெற்றிப்பொட்டிலும் சுண்ணாம்பு வைத்துக்கொண்டு வருவார். கேட்டால் வேண்டுதல் என்பார். எந்தச் சாமிக்கு என்று கேட்டால் முறைப்பார். கம்பவுண்டர், கம்பெனிக்காரர்கள் தந்துவிட்டுப் போகிற சாம்பிள் மாத்திரைகளை ஒவ்வொரு நிறமாக விழுங்கிப் பார்த்து, மஞ்சள் பரவாயில்லை, நீலம் தூக்கம்தான் வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

எல்லாரையும் விட எஸ்தர் சிஸ்டர் விஷயம்தான் விசேஷம். தியேட்டர் சிஸ்டர் அவர்தான். நல்ல குரல். மாடியிலிருந்து பேசினால் ரோட்டில் போகிற ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்ப்பார். திடீரென்று சில நாள் அந்தக் குரல் பூனைக்குட்டி மாதிரி ஆகிவிடும். "பெருமாள், அந்தக் கத்தரிய எடுத்துக் குடுப்பா, ராசா" என்று என்னிடம் சொல்வார். புயலுக்கு முந்தின அமைதி என்று நினைத்து ஓடி ஓடி வேலை செய்வோம். தன் குரலே தன் தலையில் இடிப்பதால்தான் சிஸ்டர் அப்படி மெதுவாகப் பேசுகிறார் என்பது தெரியப் பல வருடம் ஆனது. அதற்குள் அந்த மெல்லிய குரலுக்குப் பயந்தே நாங்கள் நல்ல வேலைக்காரர்கள் ஆகிவிட்டோம்.

பெரிய டாக்டருக்கு மட்டும் ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்திருப்போம். அவரிடம் வேறு ஒரு தொந்தரவு இருந்தது. சில நாள் எல்லாம் தயாராக இருக்கும்போது தியேட்டர் வாசலில் நின்று, தரை சுத்தமில்லை, மறுபடி கழுவு என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தமாக இருக்கும். நானும் காளியம்மாளும் வாய்க்குள்ளே திட்டிக்கொண்டு இன்னொரு தடவை கழுவுவோம். அரை மணி கழித்து வந்து, இப்போது சரி என்பார். முகம் வெளுத்திருக்கும். அழுக்கைப் பார்த்த கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொள்வோம்.

ஒச்சு வந்த நாளில்தான் எல்லாம் வெளியே வந்தது.

ஒச்சு உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி. மானாவாரி நிலம், கொஞ்சம் மாடு. பல காலமாக அடிவயிற்றில் குடல் இறங்கி ஒரு வீக்கம் இருந்திருக்கிறது. படுத்தால் உள்ளே போய்விடும், எழுந்தால் வெளியே வரும். அதை ஒரு வளர்ப்புப் பிராணி மாதிரி வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கிறார். அன்று வண்டிப் பாரத்தைத் தூக்கியதில் இறங்கின குடல் திரும்பிப் போகாமல் மாட்டிக்கொண்டது. டவுன் பஸ்ஸில் பின் சீட்டில் படுக்க வைத்து, அவர் மனைவி பேச்சி கூட்டி வந்தார். உச்சி வெயில் நேரம். ஒச்சு வலியில் சுருண்டு கிடந்தார். வாந்தி நிற்கவில்லை. வீக்கத்தைத் தொட்டால் கல் மாதிரி இருந்தது.

பெரிய டாக்டர் தொட்டுப் பார்த்த உடனே ஆபரேஷன் என்றார். மாட்டிக்கொண்ட குடலுக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாத குடல் அழுகிவிடும். சீக்கிரம் திறந்து விடுவித்தால் பிழைத்துக்கொள்ளும். தாமதித்தால் குடலை வெட்டி எடுத்துத் தைக்க வேண்டும். இன்னும் தாமதித்தால் எடுக்கவும் முடியாது, ஆளும் இருக்க மாட்டார். இதை அவர் பேச்சியிடம் ஒளிக்காமல் சொன்னார். பேச்சி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

அன்று பார்த்து வழக்கமான மயக்க டாக்டர் திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். இன்னொரு ஆஸ்பத்திரியிலிருந்து புதிதாக ஒருவரை அனுப்பச் சொல்லிப் போன் போட்டார்கள். கரண்டும் இல்லை. தியேட்டர் விளக்குக்கு ஜெனரேட்டர் இருந்தது. தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. மயக்க டாக்டர் வந்ததும் தொடங்கிவிடலாம் என்று பெரிய டாக்டர் முன்கூட்டியே கை கழுவ வந்தார், நான் ஜக்கோடு நின்றேன்.

கை கழுவுவது ஒரு சடங்கு மாதிரி நடக்கும். முதலில் நகக்கண், பிறகு விரல் ஒவ்வொன்றும் நாலு பக்கமும், பிறகு உள்ளங்கை, புறங்கை, முழங்கை வரை. கையை மேலே தூக்கியபடியே வைத்திருப்பார். தண்ணீர் விரல் நுனியில் விழுந்து முழங்கை வழியாக இறங்க வேண்டும், திரும்பி விரலுக்கு வரக் கூடாது. நான் ஊற்றுவேன், அவர் கை தண்ணீருக்குத் தானாக வரும். எத்தனையோ வருடப் பழக்கம். இருவரும் பேசிக்கொள்ளவே வேண்டியதில்லை.

அன்று வலது கை வந்தது. இடது கை வரவில்லை. தண்ணீர் ஒரு பக்கம் விழுகிறது, கை ஒரு பக்கம் நுரையோடு நிற்கிறது.

"ஊத்துப்பா" என்றார்.

"ஊத்துறேன் சார்" என்றேன்.

நான் ஜக்கை நகர்த்திக் கையைத் தேடிப் போய் ஊற்றினேன். அவர் கழுவி முடித்தார். திரும்பி, தியேட்டர் கதவை முதுகால் தள்ளப் போனவர், இடது தோளை நிலையில் நன்றாக மோதிக்கொண்டார். தினமும் போகிற கதவு. நின்றார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி அந்த நிலையைப் பார்த்தார், இது இங்கே எப்போது வந்தது என்பது போல.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நானே எத்தனை தூணை அப்படிப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒருவர் குடல் மாட்டிக்கொண்டு கிடக்கிறார். இவருக்கு ஒரு பக்கம் தெரியவில்லை. இவரும் சொல்ல மாட்டார். நானும் பேசுகிற ஆள் இல்லை. உங்களுக்குக் கண் தெரியவில்லையா என்று பெரிய டாக்டரைப் பார்த்து எப்படிக் கேட்பது? கேட்க வாயெடுத்தேன், என் வாயிலிருந்து என் கதைதான் வந்தது.

"சார், எனக்கு அப்பப்பக் கண்ணுல ஒரு பக்கம் தெரியாமப் போயிரும் சார். ரம்பப் பல்லு மாதிரி பளபளன்னு ஓடும். அரை மணியில தெளிஞ்சிரும். அதுக்கப்புறம் தலைவலி வந்துரும்."

இதைச் சொல்லிவிட்டு ஜக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவரிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அவர் ஈரக்கையை மேலே தூக்கியபடி என்னையே பார்த்தார். கண்ணாடிக்கு மேலான பார்வை இல்லை, கண்ணாடி வழியாகவே பார்த்தார்.

"எந்தப் பக்கம்?" என்றார்.

"எனக்கு வலது சார்."

மோதிய நிலையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, "எனக்கு இடது" என்றார்.

எத்தனையோ நாள் கழுவின தரையை எதற்காக மறுபடி கழுவினோம் என்று அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் கவுன் போட்டு நின்ற எஸ்தர் சிஸ்டர் காதிலும் எல்லாம் விழுந்திருக்கிறது. கதவைக் கொஞ்சமாகத் திறந்து, பூனைக்குட்டிக் குரலில், நோயாளி வாந்தி எடுத்து வறண்டு போயிருக்கிறார், குளுக்கோஸ் பாட்டில் பாதிதான் ஏறியிருக்கிறது, அது ஏறாமல் மயக்கம் கொடுக்க முடியாது, மயக்க டாக்டரும் இன்னும் வரவில்லை, அதுவரைக்கும் டாக்டர் படுக்கட்டும் என்றார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. பெரிய டாக்டர் யோசித்தார். கண் தெளிந்தால்தான் கத்தியைத் தொடுவேன், பாட்டில் தீர்வதற்குள் தெளியாவிட்டால் நோயாளியை அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிவிட வேண்டும், என் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி வையுங்கள் என்றார். சொல்லிவிட்டு, சிஸ்டரின் குரலைக் கவனித்தவர் போல, "உங்களுக்குமா?" என்று கேட்டார். சிஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

படுக்க இருட்டான இடம் துணி வைக்கிற அறைதான். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியைப் படுக்க வைக்கிற அறையை அடுத்து இருந்தது. நடுவே ஒரு திரைதான். கட்டில் இல்லாததால் ஒரு ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளி அவரைப் படுக்க வைத்தோம். சிஸ்டர் ஈரப் பஞ்சைக் கண்மேல் வைத்து, தலையைச் சுற்றிக் கட்டி, கழுத்து வரை போர்வையைப் போர்த்திவிட்டார். நான் கதவைச் சாத்திவிட்டுக் கார் டிரைவரைத் தேடி ஓடினேன்.

அந்த நேரத்தில்தான் புது மயக்க டாக்டர் வந்திருக்கிறார். இளவயசு. வேகாத வெயிலில் ஸ்கூட்டரில் வந்தவர், வேகமாக உடை மாற்றிக்கொண்டு, நோயாளி எங்கே என்று காளியம்மாளைக் கேட்டிருக்கிறார். காளியம்மாளுக்கும் அன்று வேண்டுதல் நாள். கண்ணைத் திறக்காமலே மோவாயால் ஒரு திசையைக் காட்டியிருக்கிறார். அவர் துணி அறைக் கதவைத் திறந்தார். இருட்டில், தலையில் கட்டோடு, போர்வைக்குள் ஓர் ஆள் ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறார். வேறென்ன நினைப்பார்?

நான் திரும்பி வந்து, ஒச்சு படுத்திருந்த அறைக்குள் நுழைந்தபோது, திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"காலையில ரெண்டு இட்லி."

"வாந்தி உண்டா?"

"வர்ற மாதிரி இருக்கு."

"வாயத் திறங்க. கட்டின பல்லு ஏதும் இருக்கா?"

"பின்னால ஒண்ணு."

"வலி எந்தப் பக்கம்?"

"இடது."

எல்லாம் பொருந்திப் போய்க்கொண்டிருந்தது. ஒச்சுவின் வீக்கமும் இடது பக்கம்தான். உள்ளே போய் என்ன சொல்வது? பெரிய டாக்டர் ஏன் பதில் சொல்லிக்கொண்டிருந்தார் என்று பிறகு அவரே சொன்னார். சிஸ்டர்தான் யாரையோ அனுப்பி ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தாராம். தகராறு செய்வதை விட வாயைத் திறந்து காட்டுவது தலைக்குச் சுலபமாக இருந்ததாம்.

மயக்க டாக்டர் நல்ல மனசுக்காரர். நோயாளிக்குத் தைரியம் சொல்ல ஆரம்பித்தார். "பயப்படாதீங்க ஐயா. ஆபரேஷன் பண்றவரு கை ரொம்பச் சுத்தம்னு சொல்றாங்க. ஆளுதான் கொஞ்சம் சிடுசிடுப்பாம்."

ஸ்ட்ரெச்சர் ஒருமுறை கிரீச்சிட்டது.

"யார் சொன்னது, சிடுசிடுப்புன்னு?" என்று போர்வைக்குள்ளிருந்து கேள்வி வந்தது.

பதில் வருவதற்குள் என் பக்கத்தில் கிடந்த ஒச்சு கையை உயர்த்தித் திரையை ஆட்டினார். மூக்கில் டியூப், கையில் ஊசி, உதடெல்லாம் வறண்டு கிடந்தது.

"தம்பி, குடல் எறங்குனவன் நானு. இங்க கெடக்கேன்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "அவரு டாக்டரு. அவருக்குத் தலவலி. அவர மொத நல்லாக்கி விடுங்கய்யா. நா அம்புட்டு நேரம் பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்கேன்."

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கை கழுவுகிற இடம் அந்த அறைக்கு மறுபுறம்தான். நோயாளி காதில் விழக் கூடாது என்று இத்தனை வருடம் நாங்கள் காத்த ரகசியம், வலியில் கிடந்த மனுஷனுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறது. எழுந்து போகவில்லை. எழுந்து போகவும் அவரால் முடியாது, அது வேறு விஷயம்.

மயக்க டாக்டர் திரையை விலக்கி ஒச்சுவைப் பார்த்தார், திரும்பி ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். கையில் பிடித்திருந்த மணிக்கட்டை மெதுவாகப் போர்வைக்குள் திருப்பி வைத்தார். பெரிய டாக்டர் பஞ்சை எடுக்காமலே, "நாடி எப்படி இருக்கு?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றார் அவர். "அப்ப உங்க ஆளப் போய்ப் பாருங்க" என்றார் பெரிய டாக்டர்.

பாட்டில் தீரப் போகும் நேரத்தில் அவர் எழுந்து உட்கார்ந்தார். கண் தெளிந்துவிட்டது என்றார். எஸ்தர் சிஸ்டர் அதை நம்பத் தயாராக இல்லை. அவரை நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டு, இடது ஓரத்தில் ஒவ்வோர் இடுக்கியாகத் தூக்கிக் காட்டி இது என்ன, இது என்ன என்று கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவர் ஒவ்வொன்றாகப் பேர் சொன்னார். பாட்டில் மேல் ஒட்டியிருந்த பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னார். அதையும் படித்தார். பிறகுதான் சிஸ்டர் வழி விட்டார். அதற்குள் அவருக்கு உலக்கை விழ ஆரம்பித்திருந்தது. கண் தெரிந்தால் போதும், வலி வேலைக்குத் தடை இல்லை என்றார். மறுபடி கை கழுவினார். இந்தத் தடவை இரண்டு கையும் தண்ணீருக்குத் தானாக வந்தன.

அந்த ஆபரேஷனைப் போல அமைதியாக ஓர் ஆபரேஷன் இங்கே நடந்ததில்லை. மரக்கட்டைச் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு அவர் துணிச் செருப்பில் வந்தார். சிஸ்டர் கிண்ணத்தட்டுகளில் துண்டை மடித்து விரித்திருந்தார். இடுக்கி விழுந்தாலும் பஞ்சில் விழுந்தது போல இருந்தது. விளக்கை வயிற்றின் மேல் மட்டும் விழும்படி நான் தாழ்த்திப் பிடித்தேன். என் தலை அன்று நன்றாக இருந்தது. இருந்தாலும் பழக்கதோஷம், சிலிண்டர் பக்கம் ஒருமுறை சாய்ந்துகொண்டேன்.

இறுக்கிப் பிடித்திருந்த வளையத்தை அவர் வெட்டியதும் குடல் தளர்ந்து வெளியே வந்தது. நாவல் பழ நிறம். எல்லாரும் அதையே பார்த்தோம். சிஸ்டர் வெந்நீர் உப்புக் கரைசலில் துண்டை நனைத்துப் பிழிந்து கொடுக்க, அவர் அந்தக் குடலைச் சுற்றிப் பொத்திப் பிடித்துக்கொண்டார். இனி காத்திருப்பதுதான் வேலை. நிறம் திரும்பினால் அப்படியே உள்ளே விட்டுத் தைக்கலாம். திரும்பாவிட்டால் வெட்ட வேண்டும்.

துண்டு ஆற ஆற வேறு துண்டு. அவர் நெற்றிப்பொட்டில் நரம்பு புடைத்துத் துடித்தது. குல்லாவின் ஓரம் நனைந்துவிட்டது. நான் பின்னாலிருந்து துடைத்துவிட்டேன். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். துண்டை எடுத்துப் பார்த்தார், நாவல் பழம்தான். இன்னொரு துண்டு. மறுபடி எடுத்தார், கத்தரிக்காய் ஆகியிருந்தது. காளியம்மாள் வெந்நீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுண்ணாம்புப் பொட்டோடு கதவருகே நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அன்று மட்டும் அது உண்மையான வேண்டுதல்.

அடுத்த துண்டை எடுத்தபோது ஓரத்தில் ஒரு சிவப்பு தெரிந்தது. அந்தச் சிவப்பு மெல்லப் பரவியது. பிறகு கன்றுக்குட்டியின் நாக்கு மாதிரி அந்த இடம் முழுக்க நிறம் வந்தது. அவர் விரலால் லேசாகத் தட்டினார். மண்புழு நெளிவது போலக் குடல் ஒருமுறை நெளிந்தது.

"பொழச்சிருச்சு" என்றார். அதை வாயசைவில்தான் தெரிந்துகொண்டேன். அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

தைத்து முடித்து, கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, நேராகப் போய்க் கை கழுவுகிற தொட்டியில் அந்த இரண்டு இட்லியையும் வாந்தி எடுத்தார். நான் ஜக்கில் மீதி இருந்த தண்ணீரை ஊற்றினேன். வாயைத் துடைத்துக்கொண்டு, பேச்சியிடம் போய், உங்கள் வீட்டுக்காரர் தப்பித்துவிட்டார் என்று சொன்னார். அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, நீங்க மொதல்ல உக்காருங்க சார் என்றார்.

ஒச்சு நன்றாகத் தேறினார். பெரிய டாக்டருக்குத்தான் கவலை. தினமும் வார்டில் அவரைப் பார்த்து நலம் கேட்டுவிட்டு, இன்னும் ஏதோ சொல்ல நினைத்துச் சொல்லாமல் திரும்புவார். பாதிக் கண்ணோடு ஆபரேஷன் செய்ய வந்த டாக்டர் என்று இந்த ஆள் ஊரில் போய்ச் சொன்னால் ஆஸ்பத்திரிக்கு யார் வருவார்கள் என்ற பயம் எங்களுக்கும் இருந்தது. ஒச்சு சொல்லத்தான் செய்தார். டவுன் பஸ்ஸில், சந்தையில், டீக்கடையில், வயிற்றுத் தையலைக் காட்டிக் காட்டிச் சொல்லியிருக்கிறார்.

அது எப்படித் தெரிந்தது என்றால், தையலைப் பார்க்க வரச் சொன்ன நாளில் ஒச்சு தனியாக வரவில்லை. பேச்சி வந்தார். கூடவே உசிலம்பட்டியிலிருந்து ஒரு கூட்டம் வந்து வராந்தா பெஞ்சு முழுக்க உட்கார்ந்தது. பாதிப் பேர் தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பெரிய டாக்டர் வெளியே வந்து, இவர்களுக்கெல்லாம் என்ன செய்கிறது என்று கேட்டார்.

"எல்லாருக்கும் தலவலிதான் சார்" என்றார் ஒச்சு. "எந்த டாக்டருகிட்டப் போனாலும், இதெல்லாம் ஒரு நோவான்னு அனுப்பிச்சிர்றாகளாம். ஒங்களுக்குத்தேன் தெரியும்னு சொன்னேன். கெளம்பி வந்துட்டாக."

தான் வயிற்றில் கத்தி வைக்கிற டாக்டர் என்று அவர் எடுத்துச் சொன்னார். கூட்டத்திலிருந்து ஒரு கிழவர், தெரியும் தெரியும், தலையில் கத்தி எதுவும் வைக்க வேண்டாம், உட்கார்ந்து கேட்டால் போதும் என்றார். பெரிய டாக்டர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் சிலிண்டரைத் தேடினேன், வராந்தாவில் சிலிண்டர் ஏது?

வேறு வழியில்லாமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அரை மனசாகத்தான் ஆரம்பித்தார். ஒருவர் வெயில் என்றார், ஒருவர் கருவாட்டு வாடை என்றார், ஒரு பெண் மாதவிலக்குக்கு முந்தின நாள் என்று தலையைக் குனிந்து சொன்னார். கேட்கக் கேட்க அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. அப்படியா, எனக்கும் பட்டினி கிடந்தால் வரும், கோபத்தை அடக்கினால் வரும் என்று தன்னுடையதைச் சொல்ல ஆரம்பித்தார். கம்பவுண்டரைக் கூப்பிட்டு மஞ்சள் மாத்திரை பற்றி விசாரித்தார். எஸ்தர் சிஸ்டர் வந்து நின்று, காலைச் சாப்பாட்டைத் தவற விடாதீர்கள் என்று தன் நல்ல குரலில் சொன்னதும் பெஞ்சில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் காதைப் பொத்தினார்கள். பெரிய டாக்டர் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான்.

கூட்டம் கிளம்பும்போது பேச்சி மட்டும் நின்றார். அவருக்கும் தலைவலி உண்டாம். அதை அதுவரை சொல்லவே இல்லை.

"எனக்கு வந்துச்சுன்னா இவுக மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு, கதவச் சாத்திட்டு வெளிய போயிருவாக. வேறொண்ணும் செய்ய வேணாம், அது போதும்" என்றார். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒங்களுக்கு வந்தா யாரு சார் கதவச் சாத்துறா?" என்று கேட்டார்.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். அதை மாட்டிக்கொண்டு, தியேட்டர் வாசலில் நின்ற எஸ்தர் சிஸ்டரையும், காளியம்மாளையும், என்னையும் பார்த்தார்.

"இத்தன வருஷமா நானேதாம்மா சாத்திக்கிட்டேன்" என்றார். "இப்பத்தான் ஆளு கெடச்சிருக்காங்க."